அந்தப் பெட்டியை அனுப்பாதே, பாப்பா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் சந்தோஷமாக இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் இங்கே நலம். இந்தக் கடைசி வரியைக் கை பழக்கத்தில் எழுதிவிட்டது, அடித்தால் கடிதம் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவைத்திருக்கிறேன், நீ அதை நம்ப வேண்டாம். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் பேசுவதெல்லாம் அம்மா காதில் விழும். இப்போது மாடி வீட்டு நர்ஸம்மாவின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன், அந்தப் பெண் கீழே அம்மாவுக்குத் துணையாக இருக்கிறாள், அவள் டூட்டிக்குக் கிளம்புவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். சொல்ல வந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் சொல்கிறேன். டிவியில் வீடியோ ஓட்ட நீ வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாயே ஒரு புதுப் பெட்டி, வயரைச் சொருகினாப் போதும்பா, நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம், அது பாட்டுக்கு ஓடும் என்றாயே, அந்தப் பெட்டியை அனுப்பாதே. அனுப்பியிருந்தால் வழியிலேயே தடுக்க முடியுமா என்று பார். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

உனக்கு இதில் பாதி தெரியும், பாதி தெரியாது, அதனால் ஆரம்பத்திலிருந்தே வருகிறேன். அம்மாவுக்கு மறதி முற்றி, நேரம் காலம் இல்லாமல் பாப்பா எங்கே பாப்பா எங்கே என்று வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தபோது, உன் சின்ன வயசு வீடியோவை எல்லாம் டிவியில் ஓடவிட்டால் அடங்குவாள் என்று யோசனை சொன்னது நீதான். உன் படிப்பு மேஜைக்கு அடியில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை எடுத்து, அதை இயக்க லினக்ஸ் என்கிற இலவச புரோகிராமைப் போடச் சொன்னாய். வயசான மெஷினாக இருந்தாலும் லினக்ஸ் குறை சொல்லாமல் வேலை வாங்கும் என்றாய், அப்போதே எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டதும் கேள்வி கேட்காமல் நேராகப் படங்களின் பட்டியல் வந்து நிற்கும், ரிமோட்டில் அழுத்தினால் ஓடும், ஏதாவது கோளாறு என்றால் நீ அங்கிருந்தே இன்டர்நெட் வழியாக உள்ளே வந்து பார்த்துக்கொள்வாய், இவ்வளவுதான் திட்டம். என்ன அடிக்க வேண்டும் என்று வரிவரியாக எழுதியும் அனுப்பினாய். அங்கேதான் நான் சொதப்பினேன். டைப்பிங் படிக்கப் போகிற பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, கண் பிரதியில் இருக்கணும், விரலையும் பார்க்காதே, தாளையும் பார்க்காதே என்று. கோர்ட்டில் ஒரு ஆயுள் முழுக்க அப்படித்தான் தீர்ப்புகளை அடித்தேன். நீ எழுதியதையும் அப்படியே உன் எழுத்தைப் பார்த்துக்கொண்டு கடகடவென்று அடித்து முடித்தேன், ஒரு பிழை கிடையாது. நடுவில் திரை, எந்த டிஸ்க்கில் போடட்டும், உள்ளே இருப்பதை அழித்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறது. நான் எங்கே திரையைப் பார்த்தேன். வீடியோ எல்லாம் இருந்த டிஸ்க்கை ஆர்வக்கோளாறில் முன்னாலேயே சொருகி வைத்திருந்தேன், அதன் மேலேயே லினக்ஸ் போய் உட்கார்ந்துவிட்டது. நீ திட்டவில்லை, பரவாயில்லப்பா என்றாய், அதற்குத் திட்டியே இருக்கலாம். நல்லவேளை உன்னிடம் இன்னொரு பிரதி இருந்தது, அதைத் தபாலில் அனுப்பினாய், அது வந்துசேரவே பல வாரம் ஆனது.

அந்த வாரங்களில் இங்கே நடந்ததைத்தான் நான் உன்னிடம் சொல்லவில்லை. மறதி கொஞ்சம் கூடியிருக்கு என்று மட்டும் சொல்லி வைத்தேன். காலையில் அம்மா கண் விழித்ததும் என்னைப் பார்த்து, யார் நீங்க, எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம், மரியாதையா வெளியில போங்க என்பாள். நான்தாண்டி அது என்று சொன்னால் பயம் இன்னும் கூடும், சுவரோடு ஒட்டிக்கொள்வாள், ஒருநாள் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கி எறிந்தாள், அது என் காதை உரசிக்கொண்டு போனது. கல்யாண போட்டோவைக் கொண்டுவந்து காட்டினேன். நன்றாகப் பார்த்தாள், ஆமா, இவர்தான் எங்க வீட்டுக்காரர், எவ்வளவு முடி பாருங்க, உங்களுக்கு ஒண்ணுகூட இல்லையே என்றாள். சாப்பாட்டையும் விட்டுவிட்டாள், அவர் வந்ததும் சேர்ந்து சாப்பிடறேன் என்று தட்டை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவர் பக்கத்து அறையில் பசியோடு நின்றுகொண்டிருப்பார். வளையல் முழங்கை வரை ஏறும் அளவுக்கு இளைத்துப்போனாள். சாயங்காலங்களில் அவள் பயப்படாமல் இருக்கட்டும் என்று நானே வெளியே போய்த் தெருவில் நடந்துவிட்டு, அவள் தூங்கியதும் நர்ஸம்மா கதவைத் திறந்துவிட, என் வீட்டுக்குள் நானே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நுழைவேன். எதிர் மளிகைக் கடைக்காரர் தினமும் என்ன சார் வாக்கிங்கா என்று கேட்பார், ஆமாம் சர்க்கரை கூடிப்போச்சு என்பேன். எனக்குச் சர்க்கரை இல்லை என்பது உனக்குத் தெரியும். சில நாள் இப்படியே நடந்து எங்கேயாவது போய்விடலாமா என்று தோன்றியது பாப்பா, மறைக்காமல் சொல்கிறேன்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் காலை, கம்ப்யூட்டர் சூடாகிறது என்று நீ சொன்னதால் மூடியைக் கழற்றி வைத்து, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்வியபடி டிவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. கையில் என்ன வைத்திருக்கிறாளோ என்று தலையைக் குனிந்துகொண்டேன். டீ வைத்திருந்தாள். வாங்க மெக்கானிக், எப்ப வந்தீங்க, பெல் அடிச்சது எனக்குக் கேக்கலையே என்றாள். வாயில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது நல்லதாகப் போயிற்று. நீங்களாவது நல்லபடியா பண்ணுங்க, எங்க வீட்டுக்காரர் கோர்ட்டுல வேலை பாக்கறவர், அவருக்கு ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாது, ஒரு ஆணி அடிச்சாக்கூட சுவரே கையோட வந்துடும் என்றாள். உண்மைதானே. இந்த வீட்டில் பல்பு மாற்றுவதென்றாலும் ஆள் கூப்பிட்டவன் நான். அதனால்தான், ஸ்க்ரூ டிரைவரோடு இருக்கிறவன் எவனாக இருந்தாலும் அவள் புருஷனாக இருக்க முடியாது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. புருஷன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவன் திருடன், மெக்கானிக் நல்லவன். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் அவள் என் முகத்தைப் பயமில்லாமல் பார்த்தாள். டீயில் சர்க்கரையே இல்லை, முழுசாகக் குடித்தேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவள் குளிக்கப் போகும்போது பின்பக்கமாக வெளியே போய், வாசல் பக்கமாக வந்து பெல் அடிப்பேன், கையில் ஒரு துணிப்பை, அதில் உன் பழைய ஜியோமெட்ரி பாக்ஸும் ஒரு இடுக்கியும். வேலைக்கு வந்தவங்க பசியோட போகக்கூடாது என்று எனக்குத் தட்டு வைப்பாள். நீங்களும் சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்மா, எனக்குக் கூச்சமா இருக்கு என்று சொல்வேன், சரி என்று அவளும் உட்கார்ந்து சாப்பிடுவாள். மாத்திரையையும் அப்படித்தான் போட வைக்கிறேன், நான் ஒரு புதினா மிட்டாயை முழுங்குவேன், அவள் மாத்திரையை முழுங்குவாள். நிறையப் பேசுகிறாள். அவர் நல்ல மனுஷன்தான், ஆனா வாய் பேசாது, விரல்தான் பேசும், தூங்கும்போதுகூடத் தலகாணியில டைப் அடிப்பார், எனக்கு எதிரா ஏதோ தீர்ப்பு அடிச்சிட்டிருக்காரோன்னு ராத்திரியெல்லாம் சிரிச்சிருக்கேன் என்றாள். அவரை ஆபீஸ்ல எல்லாரும் நம்புவாங்க, அதனால அவருக்கு யாரையும் சந்தேகப்படத் தெரியாது என்றாள். இதை எல்லாம் புருஷனிடம் சொல்வதற்கென்ன, ஊர் பேர் தெரியாத டிவி மெக்கானிக்கிடம்தான் சொல்லணுமா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் அவள் தன் தட்டில் இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டிருந்தாள், நான் கோபத்தை முழுங்கிவிட்டேன்.

டிஸ்க் வந்தது, நீ அங்கிருந்தே உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினாய், முதலில் படம் வந்தது சத்தம் வரவில்லை, அப்புறம் சத்தம் வந்தது, திரையில் எல்லோருக்கும் நெற்றி வெட்டுப்பட்டது, அதையும் சரிசெய்தாய். நீ தொட்டித் தண்ணீரில் உட்கார்ந்து கையால் அடித்து அம்மா மேல் தெறிக்கவிடுகிற வீடியோதான் முதலில் ஓடியது. அம்மா டிவியை ஒட்டிப் போய் நின்று திரையைத் தடவினாள், பாப்பா பாப்பா என்று சிரித்தாள், அன்றைக்கு நீ போனில் அழுதது எனக்குக் கேட்டது. அதோடு எல்லாம் நன்றாக முடிந்தது என்று நீ நினைத்துக்கொண்டு போனை வைத்தாய். வைத்ததும் என்ன நடந்தது என்று கேள். அவள் என் பக்கம் திரும்பி, ரொம்ப நல்லாப் பண்ணிட்டீங்க மெக்கானிக், வேலை முடிஞ்சிடுச்சு இல்லையா, எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம், வேத்து ஆள் உள்ள இருக்கறது சரியில்ல, கிளம்புங்க என்று வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்த வீடியோவைப் பார்த்த உருக்கம் வேறு, புத்தி கெட்டுப்போய், நான்தாண்டி அந்த வீட்டுக்காரன், இந்த வீடியோ எடுத்தவனே நான்தான் என்று சொல்லிவிட்டேன். கத்தினாள் பாரு, மாடியிலிருந்து நர்ஸம்மா செருப்பில்லாமல் ஓடிவந்தாள். அம்மா என்னை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன், உள்ளே நீ தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அத்தனை வீடியோவிலும் நீ இருக்கிறாய், அவள் இருக்கிறாள், கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரே ஆள் நான் என்பதால் ஒன்றில்கூட நான் இல்லை, ஓரிடத்தில் மட்டும் ஓரமாக ஒரு கட்டைவிரல் தெரியும். அதை வைத்துக்கொண்டு நான் எதை நிரூபிக்க முடியும் சொல். கொஞ்ச நேரத்தில் வீடியோ முடிந்து திரை இருண்டிருக்கிறது. தாழ்ப்பாள் திறந்தது. மெக்கானிக், மறுபடி நின்னு போச்சு, இன்னும் இங்கதான் இருக்கீங்களா, நல்லவேளை, உள்ள வாங்க என்றாள்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். தினம் ஒரு கோளாறு, இப்படியும் ஒரு மெஷினா என்று நீ தலையில் அடித்துக்கொண்டாயே, கோளாறு மெஷினில் இல்லை. காலையில் வந்ததும் பின்னால் ஒரு வயரை லேசாகத் தளர்த்தி வைப்பேன். நீ அதைக் கண்டுபிடித்துச் சொன்னதும், சத்தம் போகிற வழியை மாற்றி வைத்தேன். அதையும் கண்டுபிடித்தாய். கட்டளை எழுதிய ஒரு வரிக்கு முன்னால் # என்கிற அந்தச் சதுரக் குறியைப் போட்டுவிட்டால் மெஷின் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும் என்று நீயே ஒருமுறை சொல்லியிருந்தாய், அதைப் பிடித்துக்கொண்டு, டிஸ்க்கைத் திறக்கச் சொல்கிற வரிக்கு முன்னால் அந்தக் குறியைப் போட்டேன். யாரோ உள்ள கை வச்சிருக்காங்கப்பா, பாஸ்வேர்டை மாத்தணும் என்று நீ பதறினாய், அந்த யாரோ நான்தான். உன் ஆபீஸ் வேலைக்கு நடுவில், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிற நேரத்தில், நீ இங்கே நுழைந்து நான் கெடுத்ததை எல்லாம் சரிசெய்துகொண்டிருந்தாய், அதற்கு என்னை மன்னித்துவிடு. அம்மாவுக்குள்ளும் என் வரிக்கு முன்னால் யாரோ அந்தக் குறியைப் போட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். வரி அழியவில்லை, அங்கேயே இருக்கிறது, அவள் என்னைப் பற்றி மெக்கானிக்கிடம் பேசுகிறதே அதற்குச் சாட்சி, படிக்க மட்டும் மாட்டேன் என்கிறது. அதை எடுத்துவிட எந்த ஊரில் இருந்து யார் உள்ளே நுழைய முடியும்.

ஆக அந்த மெஷின் ஓடினால் எனக்கு வீட்டில் இடமில்லை, ஓடவே இல்லையென்றால் அவள் உன்னைத் தேடி வாசலுக்குப் போய்விடுவாள். கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நின்று, பாதி சரியாகி, இப்படியே இழுத்துக்கொண்டிருந்தால்தான் அவளும் சாப்பிடுவாள், நானும் அவளோடு ஒரு கூரையின் கீழ் இருப்பேன். நீ அனுப்புகிற பெட்டி சமர்த்தாக ஓடும், தளர்த்த ஒரு வயர்கூட அதில் இருக்காது. சித்தி வந்து பார்த்துவிட்டுப் போனாள், அக்காவை ஒரு முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம் மாமா, நீங்களும் எவ்வளவு நாள்தான் தெருவுல சுத்துவீங்க, அங்க நல்ல கவனிப்பு, ஹால்ல பெரிய டிவி, நல்லா ஓடும் என்றாள். உன்னிடமும் பேசியிருப்பாள், உன் குரலில் இருந்த தயக்கத்திலேயே தெரிந்தது. நல்லா ஓடுகிற டிவிதான் எனக்கு எமன் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பேன். அங்கே சொந்த மெக்கானிக் வைத்திருப்பார்கள், என்னை எந்தக் காரணம் சொல்லி உள்ளே விடுவார்கள்.

ஆனால் இதுவும் ரொம்ப நாள் தாங்காது பாப்பா, அதனால்தான் இந்தக் கடிதம். இந்த வாரம் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. என்ன மெக்கானிக் நீங்க, இத்தனை நாளா ஒரு டிவியைச் சரி பண்ணத் தெரியல, நான் வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன் என்று முந்தாநாள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். புருஷன் வேலை போனது, இப்போது மெக்கானிக் வேலையும் போகப்போகிறது. நாளைக்கு எந்த வேஷத்தில் அந்தக் கதவைத் தட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. பிளம்பர் ஆகலாமா என்றுகூட யோசித்தேன், குழாயை உடைத்தால் வீடு முழுக்கத் தண்ணீர் வரும். சிரிக்காதே, அல்லது சிரி, நீ சிரித்தும் நாளாகிறது. எனக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நர்ஸம்மா பிபி பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லாமல் கருவியைப் பையில் போட்டுக்கொண்டாள். தனியாக என்னால் முடியவில்லை. இந்த வார்த்தையை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன், வா. லீவு கிடைக்குமா, மாப்பிள்ளை என்ன சொல்வார், பிள்ளைகள் படிப்பு என்ன ஆகும் என்று நானே உனக்காக யோசித்து யோசித்துத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி யோசிக்கத் தெம்பில்லை.

வரும்போது ஒன்று மட்டும் கவனமாகக் கேட்டுக்கொள். அம்மா என்று ஓடிவந்து கட்டிக்கொள்ளாதே. அவள் தேடுகிற பாப்பா இன்னும் தொட்டித் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறாள், நரை விழுந்த ஒரு பெண் வந்து நான்தான் அது என்றால் பாட்டிலைத் தூக்குவாள். பெல் அடித்து, கம்பெனியில இருந்து வர்றேன்மா, எங்க மெக்கானிக் வேலையை ஒழுங்காப் பண்றாரான்னு பாக்க வந்தேன் என்று சொல். உட்கார வைப்பாள், டீ தருவாள், என்னைப் பற்றிப் புகார் சொல்வாள், அதில் பாதி நியாயமாகத்தான் இருக்கும், கேட்டுக்கொள். அப்புறம் உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா என்று கேட்டுவிட்டு, தன் பாப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பாள். உன் முகத்துக்கு நேரே அவள் எந்தக் காலத்திலும் சொல்லாததை எல்லாம் சொல்வாள். நீ அழாமல் கேட்க வேண்டும், அதுதான் இதில் கஷ்டமான வேலை, மற்றதெல்லாம் நான் சொல்லித்தருகிறேன்.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட நாள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வாழ வேண்டும், அதற்கு மேல் ஒரு ஆசீர்வாதம் எனக்குத் தோன்றவில்லை. குளிர் காலம் என்கிறாயே, பிள்ளைகளுக்குக் காதை மூடி அனுப்பு. மறக்காமல் இன்னொன்று, பதில் எழுதினால் உறையில் என் பெயரைப் போடாதே, மாடி வீட்டு நர்ஸம்மா பெயரைப் போடு. இப்போதெல்லாம் என் பெயருக்கு வருகிற தபாலை அம்மா தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, அவர் வந்ததும் கொடுக்கணும் என்று சொல்லிப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். நான் எவ்வளவு கேட்டும் தரவில்லை, மெக்கானிக், அடுத்தவங்க கடிதத்துக்கு ஆசைப்படலாமா என்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா